இடுப்பில் இருந்த கத்தி

கனடாவில் வசிக்கும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். நண்பர்களோடு அல்கொன்குவின் காட்டில் நான்கு நாட்கள் கூடாரமடித்துத் தங்கப் போகிறானாம். அதற்கு இடுப்பு வாரில் உறையோடு மாட்டிக்கொள்ளும் கத்தி ஒன்று வேண்டும். மடக்குக் கத்தி அல்ல. அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாய் நிற்கும் கத்தி. கடையில் அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள், எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "உங்கட மூத்தாப்பாக்கிட்ட ஒரு கத்தி இருந்திச்சாமே மாமா, உம்மா சொல்லுவா. அது எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்துவிட்டேன். இத்தனை காலத்தில் கத்தியைப் பற்றி நான் எழுதியதும் திருத்தியதும் குற்றச் செய்திகளில் மட்டுமே. கத்தி என்ற சொல்லுக்குப் பின்னால் 'குத்து' என்ற சொல் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் தொழில் எங்களுடையது. ஆகவே அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு கத்தியின் கதையாக மட்டும் நிற்கவில்லை.

சாரத்தின் மேல் ஒரு வார்

சாய்ந்தமருது கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கமாகக் குடியேறிய ஊர். கிழக்கே கடல். மட்டக்களப்பு-பொத்துவில் வீதியைத் தாண்டி மேற்கே போனால் கரைவாகு வயல்வெளி. அதற்கும் அப்பால், பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டப்படும் வரை, அடர்ந்த காடு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாகி, மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி தன் இயந்திரங்களோடு வந்து இறங்கியது. அதற்கு முன் எமது ஊர் ஆண்களுக்கு மேற்குத் திசை என்றால் வேளாண்மை, சேனை, தேன், விறகு, வேட்டை என்றே பொருள்.

என் மூத்தாப்பா அந்த மேற்கில் வாழ்ந்தவர். வட்டையில் வாடி கட்டி, விதைப்பு முதல் அறுவடை வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்கியவர். சாரத்தின் மேல் அகன்ற தோல் வார் ஒன்றைக் கட்டுவார். வாரின் முன்பக்கப் பையில் காசு, வெற்றிலை, புகையிலை. வலது விலாப் பக்கம், சற்றுப் பின்தள்ளி, தோல் உறைக்குள் ஒரு கத்தி. தொழுகைக்கு வுழூச் செய்யும்போது வாரைக் கழற்றி மரக்கொப்பில் தொங்கவிடுவார்; தொழுது முடிந்ததும் மீண்டும் இடுப்புக்கு வந்துவிடும். எனக்கு நினைவு தெரிந்த எழுபதுகளின் இறுதியில் அவர் வேட்டையை விட்டு நெடுநாளாகியிருந்தது. வாரை மட்டும் விடவில்லை.

கத்தியின் அலகு நான்கரை அங்குலம். பின்புறம் தடித்து, நுனியை நோக்கி இலேசாக வளைந்து ஏறும். உலகப் போர் முடிந்து கைவிடப்பட்ட இராணுவ லொறி ஒன்றின் வில்லுத் தகட்டில், அயலிலிருந்த தமிழ் ஊரொன்றின் கொல்லர் அடித்துக் கொடுத்தது. பிடி முதிரை மரம். அலகிலிருந்து நீளும் இரும்பு நாக்கு பிடியின் அடிவரை ஓடி, அங்கே மடித்து அறையப்பட்டிருந்தது. "நாக்குக் குறுகின கத்தி நடுக்காட்டில கைவிடும்" என்பார் மூத்தாப்பா. வயலில் அதற்கு வேலைக்குக் குறைவில்லை. மாட்டின் கழுத்தில் இறுகிய கயிற்றை அறுக்கவும், குளத்து மீனைக் கீறவும், காவற்பரணுக்குக் கொடி வெட்டவும், காலில் ஏறிய முள்ளை எடுக்கவும் அதுவே. வேளாண்மை வெட்டத் தாக்கத்தி இருந்தது; பற்றை வெட்டக் காட்டுக்கத்தி இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி வாடியில் கிடந்தாலும், கையில் எந்நேரமும் இருப்பது இடுப்புக் கத்தி ஒன்றுதான்.

அறுக்கும் கத்திக்கு ஓர் ஒழுக்கம்

வேட்டைக்குப் போகும் முஸ்லிமுக்கு இடுப்புக் கத்தி வசதிக்காகக் கட்டப்படுவதல்ல. அது இல்லாமல் அவன் வேட்டையே முற்றுப்பெறாது. எமது ஊர்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவை. துப்பாக்கி ரவை பட்டு, அறுக்கும் முன்னரே உயிர் பிரிந்த விலங்கை எங்களவர்கள் உண்பதில்லை. ஆகவே மரையோ மானோ விழுந்த மறுகணமே ஓடிச்சென்று, அதில் உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாக வேண்டும். உறையிலிருந்து கத்தி தடையின்றி வர வேண்டும். ஒரே இழுப்பில் அறுக்கும் கூர் இருக்க வேண்டும். மடக்குக் கத்தியின் நகக்குழியைத் தேடி இரத்தம் வழுக்கும் விரலால் திறந்துகொண்டிருக்க அங்கே நேரமில்லை.

அறுக்கப்போகும் பிராணிக்கு வேதனை நீளாதபடி கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது நபிமொழி. அதன் கண் முன்னே தீட்டலாகாது என்றும் பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். மூத்தாப்பா வேட்டைக்குப் போகும் முந்திய இரவே, வீட்டின் பின்புறம், கோழிகள்கூட அடைந்த பிறகு, கல்லில் நீர் தெளித்துத் தீட்டுவாராம். என் உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூர் சரியா என்று பார்க்க விரலை ஓட்டமாட்டார்; முழங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அணை கட்டிய காலத்திலேயே காட்டின் பெரும்பகுதி வயலாகவும் குடியேற்றமாகவும் மாறிவிட்டது. இன்று மானையும் மரையையும் வேட்டையாடுவது குற்றம். குற்றமாக இருப்பதே நியாயமும்கூட. நான் எழுதுவது அழிந்துபோன ஒரு வாழ்க்கையைப் பற்றி. அதை மீட்டெடுக்கச் சொல்லி அல்ல.

நொக்ஸ் கண்ட இடுப்புகள்

இடுப்பில் கத்தி செருகும் வழக்கம் இத்தீவில் எந்த ஓர் இனத்துக்கும் தனிச்சொத்தாக இருந்ததில்லை. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, பத்தொன்பது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் அடைபட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்ற பின் 1681இல் வெளியிட்ட நூலில் சிங்கள மேன்மக்களின் உடையை வருணிக்கிறார். மார்புப் பக்கம் வெள்ளி பதித்த பிடியுள்ள கத்தி செருகப்பட்டிருக்கும். பக்கத்தில் பித்தளையும் வெள்ளியும் இழைத்த குறுவாள் தொங்கும்.

அதே நூலில் வேடர்களைப் பற்றி அவர் சொல்வது இன்னும் சுவையானது. வேடர் அம்பு முனை வேண்டுமென்றால் கொல்லனை நேரில் காண வரமாட்டார்கள். இரவில் வந்து, தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி, ஒரு சுமை இறைச்சியோடு பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்கள். கொல்லன் அவ்வடிவில் செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஒருநாள் இருட்டிலிருந்து அம்பு வரும். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு முகம் பார்க்காமல், ஓர் இலையை நம்பி நடந்த வணிகம். காட்டில் வாழ்பவனுக்கும் உலைக்களத்தில் வாழ்பவனுக்கும் இடையிலிருந்த உறவு எவ்வளவு பழையது, எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

கண்டிக் கைவினைஞர்களின் கத்திகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். 'பிஹா கெத்த' எனப்படும் அக்கத்தியின் பிடி கொம்பாலோ தந்தத்தாலோ ஆனது. அலகின் பின்புறத்தில் வெள்ளியும் பித்தளையும் கொடிக்கொடியாகப் படரும். பல உறைகளில் கத்தியோடு எழுத்தாணிக்கும் இடம் உண்டு. ஓலையை நறுக்க ஒன்று, அதில் எழுத இன்னொன்று. தமிழிலும் கத்தியோடு இணைந்த மடக்கெழுத்தாணி இருந்தது. என்னைப் போன்ற எழுத்துத் தொழிலாளியும் ஒரு காலத்தில் இடுப்பில் கத்தியோடுதான் திரிந்திருப்பான்.

இரும்புக்கும் இத்தீவில் பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபின் உருக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்பதற்கான ஒரு விடை, பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு சமனலவெவ நீர்த்தேக்கப் பகுதியில் கிடைத்தது. அங்கே மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கி அமைந்த உலைகளை ஜில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். துருத்தியில்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகள் அவை. காலம் ஏழாம் முதல் பதினோராம் நூற்றாண்டு வரை. பழைய முறைப்படி உலை கட்டி எரித்துப் பார்த்தபோது உயர்ந்த கரிமம் கொண்ட உருக்கு கிடைத்ததை அவர் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

எமது கொல்லரிடம் பருவக்காற்று உலை இருக்கவில்லை. லொறி வில்லுத் தகடு இருந்தது. அதுவும் சாதாரண இரும்பல்ல. பாரத்தில் வளைந்து மீண்டும் நிமிரும் உருக்கு. செந்தணலாய்க் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோல் உடையவும் உடையும். ஆகவே மீண்டும் மெல்லிய சூட்டில் பிடித்து, அலகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும் கணத்தில் எடுத்துவிட வேண்டும். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கும் கண்தான் கொல்லரின் மூலதனம். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் கூர் நிற்காது.

மூன்று இறாத்தல் கத்தியும் நான்கரை அங்குலக் கத்தியும்

வேட்டைக் கத்தியைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களில் சாமுவேல் பேக்கரை மறக்க முடியாது. பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர். அதற்கு முன் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிகள்வரை யானைகளைச் சுட்டுத் தள்ளியவர். மலைநாட்டில் மரையை நாய்களால் துரத்திப் பிடித்து, துப்பாக்கியின்றிக் கத்தியாலேயே கொல்வது அவருக்கு விளையாட்டு. இலண்டன் பிக்கடிலியில் சொல்லிச் செய்வித்த அவரது கத்தியின் அலகு ஓர் அடி நீளம், இரண்டு அங்குல அகலம், மொத்த எடை மூன்று இறாத்தல் என்று 1854இல் வெளியான தன் நூலில் பெருமையோடு எழுதுகிறார்.

இதற்கு நேரெதிர் கருத்து அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹொரேஸ் கெப்ஹார்ட் என்ற நூலகர், வேலையையும் வீட்டையும் விட்டுக் காட்டோரம் போய்த் தங்கியவர். 1906இல் காட்டில் தங்கி வாழும் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடைகளில் விற்கும் பெரிய வேட்டைக் கத்திகளை அவர் கேலி செய்கிறார். விறகு பிளக்கக் கைக்கோடரி இருக்க, கத்தியை ஏன் கோடரியாக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அவர் இடுப்பிலிருந்த கத்தியின் அலகு நாலேகால் அங்குலம், பிடி நாலேகால் அங்குலம், தடிப்பு அங்குலத்தில் எட்டிலொரு பங்கு.

மூத்தாப்பா கெப்ஹார்ட்டைப் படித்தவரல்லர். தமிழையே அரபு எழுத்தில் வாசித்தவர். இருந்தும் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். காட்டில் ஒருவனுடைய கை செய்யும் வேலை எங்கும் ஒன்றாக இருப்பதே காரணமாக இருக்க வேண்டும். பேக்கரின் மூன்று இறாத்தல் கத்தி வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல, வீரத்துக்காகச் செய்யப்பட்டது. அதைச் சுமந்து நடக்க ஆட்கள் இருந்தார்கள்.

மலபாரின் 7,561 கத்திகள்

கத்தியின் அளவைக் கை தீர்மானிக்கும் காலம் ஒன்று. அரசாங்கம் தீர்மானிக்கும் காலம் இன்னொன்று. கேரளத்து மாப்பிளமார் அகன்ற வாரில் கத்தி செருகித் திரிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவுடைமையாளருக்கும் ஆங்கிலேய ஆட்சிக்கும் எதிராக அடுத்தடுத்துக் கலகங்கள் மூண்டபோது, ஆட்சியாளர் கத்தியின் மேல் கைவைத்தார்கள். 1854இன் 24ஆம் இலக்கச் சட்டம் மாப்பிளமாரின் போர்க்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. மாவட்ட ஆட்சியர் கொனொலி அவ்வாண்டு டிசெம்பரில் மாப்பிள ஊர்கள் தோறும் சென்று கத்திகளைச் சேகரித்தார். அடுத்த ஜனவரி முடிவதற்குள் ஒப்படைக்கப்பட்டவை 7,561 என்று வில்லியம் லோகனின் மலபார்க் கையேடு கணக்குச் சொல்கிறது. 1855 செப்டெம்பர் 11ஆம் திகதி கொனொலி தன் வீட்டில் வைத்தே வெட்டிக் கொல்லப்பட்டார். கத்திகளைப் பறித்ததால் வன்முறை ஓயவில்லை.

அந்த 7,561இல் எத்தனை போருக்கானவை, எத்தனை தேங்காய் உரிக்கவும் வெற்றிலை நறுக்கவும் பயன்பட்டவை என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. அதே மேற்குமலைத் தொடரின் மறுபுறம் குடகில், கொடவர்கள் பிச்சங்கத்தியை வெள்ளிச் சங்கிலியோடு இடுப்பில் செருகி மணமகனாக நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலேயர் ஆயுதச் சட்டத்திலிருந்தே விலக்களித்தார்கள். துப்பாக்கிக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஒரே மலை, ஏறக்குறைய ஒரே கொல்லர் மரபு. ஒருவனின் கத்தி பண்பாடு, மற்றவனின் கத்தி குற்றம்.

இலங்கையிலும் பிரித்தானியர் காலத்தில் கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தத் தனியொரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எமது பகுதியில் அதைவிடப் பலமாக வேலை செய்தது யுத்தம். 1985 ஏப்ரலில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் மூண்டபின், கொல்லர் பட்டறைக்குப் போகும் பாதை அறுந்தது. 1990இன் படுகொலைகளுக்குப் பிறகு எமது விவசாயிகள் பலர் தூரத்து வயற்காணிகளுக்கே போக முடியாதவர்களானார்கள். சோதனைச் சாவடிகளில் சாரத்தைத் தடவிப் பார்க்கும் காலத்தில் யார் இடுப்பில் கத்தி கட்டுவார்? வார் கழன்றது. கத்தி இரும்புப் பெட்டிக்குள் போனது.

மே 2019

மூத்தாப்பாவுக்குப் பின் அந்தக் கத்தி என் தங்கையிடம் இருந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அவள் வீட்டின் முன்பாதி போய்விட்டது. மூன்றாம் நாள் சேற்றிலிருந்து இரும்புப் பெட்டியைத் தோண்டியெடுத்தார்கள். தோல் உறை ஊறிக் கூழாகியிருந்தது. அலகில் துரு பூத்திருந்தது, அவ்வளவுதான். தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மீட்டெடுத்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கும்போது வருடத்தில் ஒருமுறை அது வெளியே வரும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 26ஆம் திகதி இரவு அந்தக் கொடூரத்தின் எச்சம் சாய்ந்தமருதுக்கே வந்தது. ஊருக்குப் புதிதாய் வந்து வாடகைக்குக் குடியேறியவர்கள் மேல் சந்தேகம் கொண்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் முடிந்தபோது அந்த வீட்டில் சிறுவர்களின் சடலங்களும் கிடந்தன. அன்றிலிருந்து சாய்ந்தமருது என்ற பெயர் உலகச் செய்திகளில் வேறொன்றாக ஒலித்தது.

மே மாதத் தொடக்கத்தில் பொலிஸ் திணைக்களம் ஓர் அறிவித்தல் விடுத்தது. வாள்களையும் பெரிய கத்திகளையும் வைத்திருப்போர் அந்த வார இறுதிக்குள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்றாடத் தேவைக்கும் தொழிலுக்கும் பயன்படும் கத்திகளுக்கு விலக்கு உண்டு. அறிவித்தல் தெளிவானதுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து தேடும் ஒருவரின் கண்ணுக்கு எது பெரிது, எது அன்றாடம் என்பது அறிவித்தலில் எழுதப்பட்டிருக்காது. அந்நாட்களில் நாடு முழுவதும் முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தேடுதல் நடந்தது. கண்டெடுத்த வாள்கள் தொலைக்காட்சியில் வரிசையாக அடுக்கிக் காட்டப்பட்டன. சமையற்கத்தியைப் பார்த்தே பயந்த வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை இரவு தங்கை கொழும்புக்கு அழைத்தாள். "காக்கா, மூத்தாப்பாட கத்திய என்ன செய்யிற?"

அறிவித்தலின் வாசகத்தை அன்று பகல் நானே தமிழாக்கிப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான்கரை அங்குலக் கத்தி வாளல்ல என்றும், பெருநாள் அறுப்புக்கு வைத்திருக்கும் கத்தியை ஒப்படைக்க வேண்டிய கடமை இல்லை என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்காக அதை எழுதவும் எனக்குத் தெரியும். அவளுக்கோ நான் சொன்னது வேறு: "கண்ணில படாமச் செய்." கணவன் கட்டாரில், வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு முழுமையாகத் தெரியவில்லை. அவள் அதைப் பழைய துணியில் சுற்றி, விடியுமுன் தோணாவுக்குள் போட்டுவிட்டாள். அந்த வீட்டுக்குத் தேடுதலுக்கு ஒருவரும் வரவில்லை.

எங்கள் ஊரின் அந்தக் கால்வாய் மண்ணுக்குள் அவ்வாரம் எத்தனை இரும்பு இறங்கியதோ, கணக்கு வைக்க ஒரு லோகன் இல்லை. அச்சத்தால் தாமாகக் கைவிட்டவற்றை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. தன் பெட்டியில் கிடந்த கருவியையே குற்றமாகக் கருத ஒரு சமூகம் பழகிக்கொள்ளும்போது அது எதை இழக்கிறது என்பதும் அப்படித்தான்.

மருமகனுக்கு எழுதியது

இவ்வளவையும் யோசித்த பிறகு அவனுக்கு எழுதிய பதிலின் சாரம் இது. வேறெவருக்காவது பயன்படலாம்.

அலகு நான்கு முதல் ஐந்து அங்குலம் போதும். தடிப்பு மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். அதற்குமேல் தடித்தால் மீனும் வெங்காயமும் நறுக்க முடியாது. பிடிக்குள் செல்லும் இரும்பு அடிவரை செல்கிறதா என்று கேள். பிடி உன் உள்ளங்கைக்குப் பொருந்த வேண்டும், ஈரக்கையில் வழுக்கலாகாது. கரிம உருக்கு எளிதில் தீட்டுப்படும், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். துருவேறா உருக்கைத் தீட்டக் கூடுதல் பொறுமை வேண்டும். ஏரிக்கரையில் தங்குபவனுக்கு இரண்டாவது உகந்தது. சுவீடனின் மோரா ஊர்க் கத்திகள் விலை மலிவு, வேலைக்குச் சிறந்தவை. பல்லும் பள்ளமும் செதுக்கிப் படத்தில் வருவதுபோல் இருக்கும் கத்திகளைத் தொடாதே.

கத்தியைப் போலவே உறையையும் சோதித்துப் பார். தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் கத்தி விழலாகாது. வயிற்றுக்கு முன்னால் கட்டாதே. குனிந்து உட்காரும்போது ஆபத்து. மூத்தாப்பாவைப் போல் விலாவுக்குச் சற்றுப் பின்னால் கட்டு. ஈரமான தோல் உறைக்குள் கத்தியை இரவில் வைக்காதே.

வெட்டும்போது அலகு உன்னை விட்டு விலகிப் போக வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைத்து எதையும் சீவாதே. அங்கே ஓடும் நாடி அறுந்தால் வைத்தியசாலைவரை உயிர் நிற்காது. ஒருவருக்குக் கொடுக்கும்போது உறையிலிட்டுக் கொடு. டப்பாவின் மூடியை நெம்பக் கத்தி நுனியைப் பயன்படுத்தாதே. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், அது வழுக்கும். ஆகவே ஒவ்வோர் இரவும் கல்லில் பத்து இழுப்பு, இருபுறமும் ஒரே சாய்வில். காட்டைவிட்டு வெளியேறும்போது அதை இடுப்பிலிருந்து கழற்றிப் பைக்குள் வை. கனடாவில் உறைக்கத்தி வைத்திருப்பது குற்றமல்ல. ஆயுதமாக மறைத்துத் திரிவது குற்றம். பிரித்தானியாவில் வசிப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1988இன் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நிலைத்த அலகுள்ள கத்தியோடு நிற்பதே குற்றம்.

கடைசியாக ஒன்றையும் எழுதினேன். கிர்பான் அணிந்து பாடசாலைக்குச் செல்லும் ஒரு சீக்கிய மாணவனின் உரிமையை உன் நாட்டின் உயர் நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் உன் பக்கம் இருக்கும்போது அதைத் தெரிந்து வைத்துக்கொள். தெரிந்தும் பயந்துவிடாதே. உன் மாமா பயந்தார்.

சென்ற கிழமை அவன் ஒரு படம் அனுப்பினான். ஒரு மரக்குற்றியின் மேல் புதுக் கத்தி, பக்கத்தில் அவன் சீவிய விறகுச் சுருள்கள். தங்கைக்கு அனுப்பி வைத்தேன். சற்று நேரம் கழித்து அழைத்தாள்.

"மூத்தாப்பாட கத்தியவிட அரை அங்குலம் நீளம், காக்கா" என்றாள்.